முருகனுக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சி

இன்று காலை உங்களை எத்தனை பேர் திட்டினார்கள்? எண்ண வேண்டாம். எண்ணத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. தொலைக்காட்சிக் கட்டணத்துக்கான பில் வீடுகளுக்குப் போய்ச் சேர்கிற கிழமையில் தொலைபேசிப் பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் முதல் அடி. நான் ஓய்வு பெற்றுப் போன அன்று, என் கதிரைக்கு வந்த தங்கச்சி கேட்டாள்: "அன்ரி, இவ்வளவு பேச்சும் வாங்கிக்கொண்டு எப்பிடி இத்தனை வருஷம் இருந்தனீங்கள்?" எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே சுவிஸில் பிறந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டே தமிழ் படித்த பிள்ளைகள். தமிழ் ஆட்கள் கூப்பிட்டால் தமிழில் கதைப்பீர்கள் என்பதும் உங்களை வேலைக்கு எடுத்ததற்கு ஒரு காரணம். உங்களைத் திட்டுகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது. எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2009இல் நான் இந்த வேலைக்கு வந்தபோது வீடு வீடாகப் போக வேண்டும். திட்டுகிறவர் கதவைத் திறந்து, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, ஆறுதலாகத் திட்டுவார்.

அப்போது சட்டம் வேறு. வீட்டில் தொலைக்காட்சியோ வானொலியோ இருந்தால் நீங்களாகவே போய்ப் பதிய வேண்டும். பதிந்தால் கட்டணம். இல்லையென்றால் ஒன்றும் இல்லை. நாட்டில் இத்தனை பேருக்குத் தொலைக்காட்சியே இல்லையா என்று சந்தேகம் வந்தபடியால்தான் எங்களை அனுப்பினார்கள். உள்ளே நுழைய எங்களுக்கு அதிகாரம் கிடையாது. விட்டால் போகலாம், விடாவிட்டால் படியில் நின்று கேட்கலாம். இருப்பதைக் கண்டு எழுதிக்கொடுத்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் வரும்.

எனக்குத் தந்த பகுதி கூர் நகரமும் அங்கிருந்து மலை ரயிலில் போகிற எங்கடின் பள்ளத்தாக்குக் கிராமங்களும். அங்கே கேட்ட சாட்டுகளை நீங்கள் இன்னும் நூறு வருடம் தொலைபேசியில் இருந்தாலும் கேட்கமாட்டீர்கள். கூரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தனக்கு இந்தக் கட்டணத்தில் கொள்கை ரீதியாக உடன்பாடு இல்லை என்று எனக்கு வாசலில் வகுப்பெடுத்தார். நடுவில் உள்ளே யாரோ கோல் போட்டு ஒரு மைதானமே கத்தியது. மனிதர் கதவை ஆவென்று விட்டுவிட்டுக் கொள்கையோடு உள்ளே ஓடினார். ஒரு பெண்மணி தான் ஜெர்மனியின் அலைவரிசைகளை மட்டுமே பார்ப்பதாகவும் பில்லை பெர்லினுக்கு அனுப்பும்படியும் சொன்னார். ஒரு விவசாயி என்னைக் கையைப் பிடிக்காத குறையாக மாட்டுத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய், அங்கே பாடிக்கொண்டிருந்த வானொலியைக் காட்டினார். "நான் கேட்பதில்லை. இவர்கள்தான் கேட்கிறார்கள். பில்லை இவர்கள் பெயரில் போடுங்கள்" என்றார். மாடுகளும் என்னைப் பார்த்தன. அவர் பிறகு பதிந்தார், நல்ல மனிதர். பால் கறக்கிற நேரத்தில் செய்தி வாசித்தால் பால் குறைகிறது என்று ஒரு முறைப்பாடும் எழுதி அனுப்பினார்.

எங்கட ஆட்களின் சாட்டு எப்போதும் ஒன்றுதான். தமிழ் அலைவரிசைக்கான டிஷ் பூட்ட, அதற்குக் கார்ட் வாங்க, மறு பேச்சில்லாமல் காசை எடுத்து வைப்பார்கள். சுவிஸ் கட்டணம் என்று சொன்னதும் முகம் சுருங்கும். "அவங்கட ரீவியை நாங்கள் பார்க்கிறேல்லை, பிறகேன் நாங்கள் குடுக்கோணும்?" கேள்வி நியாயமாகத்தான் படும். எனக்கே முதல் வருடம் அப்படித்தான் பட்டது. சம்பளம் தருகிறவர்களிடம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கட வீடுகளில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. தேத்தண்ணி. கதவைத் திறந்தவுடன் "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லி, யார் எவர் என்று கேட்கமுன் கோப்பை கையில் வந்துவிடும். குடித்துவிட்டால் நீங்கள் விருந்தாளி. பக்கத்தில் வடையும் வந்துவிட்டால் சொந்தக்காரர். சொந்தக்காரரிடம் போய் "உங்கட வீட்டில் ரீவி இருக்கோ?" என்று எந்த வாயால் கேட்பது? அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். கேள்வி முதல், தேத்தண்ணி பிறகு. வேலைக்கு வந்தவள் என்பதை நான் மறந்தாலும் குடிக்காத கோப்பை ஞாபகப்படுத்த வேண்டும்.

இனித் தவராசாவின் வீட்டுக்கு வருவோம்.

தவராசா எங்கடினில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். மனைவி வதனி அதே ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்கிற வேலை. அவர்களுக்கு ஒரே மகள், ஆரணி, கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ரோமான்ஷ் என்ற, அந்த மலைச் சனம் மட்டும் கதைக்கிற மொழியில்தான் படிப்பிப்பார்கள். பிள்ளை வீட்டில் தமிழ், பள்ளியில் ரோமான்ஷ், கடையில் டொச் எனப்படும் ஜெர்மன் என்று மாற்றி மாற்றிக் கதைத்துக்கொண்டு திரிந்தது. நான் போனது மே மாதம். பனிச்சறுக்கல்காரர்கள் போய், கோடை ஆட்கள் இன்னும் வரவில்லை. ஹோட்டல்கள் மூடிக் கிடக்கும். ஆட்களை வீட்டில் பிடிப்பதற்கு அதைவிட நல்ல மாதம் இல்லை.

நான் கூரில் ரயில் ஏறியதுமே கதை முன்னால் போய்விட்டது என்பது பிறகுதான் தெரியும். நிலையத்தில் என்னைக் கண்ட யாரோ ஒருவர், "ரீவி அக்கா மேல வாறா" என்று தொலைபேசி எடுத்திருக்கிறார். ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி முடிக்க, தவராசா வீட்டில் ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது.

மணியடித்தேன். தவராசா நெற்றி நிறைய விபூதியோடு கதவைத் திறந்தார். சாம்பிராணி வாசம் படிவரைக்கும் வந்தது.

"வாங்கோ அக்கா, உள்ளுக்கு வாங்கோ. எங்கட வீட்டில ரீவி இல்லை."

நான் இன்னும் வணக்கமே சொல்லவில்லை.

"நான் இன்னும் கேக்கேல்லையே, தம்பி."

"இல்லை, கேப்பியள்தானே. அதுதான் முதலே சொல்லுறன்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வரவேற்பறையில் சோபாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தில், அகலமான எதையோ மூடி ஒரு சிவப்புப் பட்டுச்சேலை. அதற்கு முன்னால் முருகன் படம், மாலை, தேங்காய், எரிந்துகொண்டிருக்கும் குத்துவிளக்கு. பட்டுக்குள் இருந்து, முருகனின் தோளுக்குப் பக்கத்தில், சிவப்பாகச் சின்ன வெளிச்சம் ஒன்று விடாமல் எரிந்தது. தொலைக்காட்சி முழுதாக அணையாதபோது எரியுமே, அது.

எனக்குக் கட்டணக் கவலை போய்த் தீயணைப்புக் கவலை வந்துவிட்டது. மின்சாதனத்துக்கு மேல் பட்டு, பட்டுக்கு முன்னால் நெருப்பு. ஆனாலும் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. தவராசா உடனே விபூதித் தட்டை நீட்டினார். பூசிக்கொண்டேன். வதனி குசினியில் இருந்து தேத்தண்ணியோடு வந்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"பிறகு குடிக்கிறன், தங்கச்சி," என்றேன். "பால்கனியில டிஷ் ஒண்டு நிக்குதே?"

"அது முந்தி இருந்த ஆக்கள் விட்டிட்டுப் போனது," என்றார் தவராசா. "நாங்கள் மிளகாய் காயப் போடுறனாங்கள்."

உண்மையாகவே அதில் கொஞ்சம் மிளகாய் கிடந்தது. வேலையில் ஒழுங்கான மனிதர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கப் போன நேரத்தில்தான் அறைக்கதவு திறந்தது. ஆரணி காலுறையோடு சறுக்கிக்கொண்டு வந்து பட்டுச்சேலைக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, கதை துவங்கப் போகுது. முருகனை எடுங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. பிள்ளைக்கு அவசரம். "கெதியா எடுங்கோ அம்மா, முதல் பாட்டு முடிஞ்சிடும்!"

தவராசா பேந்தப் பேந்த முழித்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் விளக்கைத் தூக்கி மேசையில் வைத்தேன். முருகனை வதனி தூக்கினாள். பட்டை நானும் அவளுமாகச் சேர்ந்து மடித்தோம். ஆரணி தானே தொலைக்காட்சியைப் போட்டாள். திரையில் ஒருவர் ரோமான்ஷ் மொழியில் சின்னப் பிள்ளைகளுக்கான மாலைக் கதை சொல்லத் தொடங்கினார். பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரோடு சேர்ந்து வாயசைத்தாள்.

"நீங்கள் சுவிஸ் ரீவி பார்க்கிறேல்லைத்தானே?" என்று கேட்டேன்.

"அது பத்து நிமிஷம்தானே, அக்கா!"

"பத்து நிமிஷம் எண்டாலும் ஒரு ஆள் கதை எழுதோணும், ஒரு ஆள் சொல்லோணும், ஒரு ஆள் கமரா பிடிக்கோணும். ஆர் சம்பளம் குடுக்கிறது?"

"கட்டுறன் அக்கா, கட்டாமல் விடுவனே? காசு பிரச்சினை இல்லை." அவர் குரல் உடைந்துவிட்டது. "வாற வியாழக்கிழமை எங்களுக்குப் பிரசாவுரிமை விசாரணை."

பிறகு முழுக்கதையும் வந்தது. அந்தக் கிராமத்தில் பிரசாவுரிமை கேட்கிறவர்களைக் கிராமத்துக் குழு ஒன்று கூப்பிட்டுக் கதைக்கும். இவர்களை ஏற்கெனவே ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளையை எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கட ஆட்களிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டால் நடக்கிறது உங்களுக்குத் தெரியும். தவராசா நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார்: "எங்கள் வீட்டில் தொலைக்காட்சியே இல்லை. படிப்புக் கெட்டுப்போகும் என்று வாங்கவில்லை." குழுவில் இருந்தவர்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்களாம். கட்டணம் கட்டாமல் தப்புவதற்காகச் சொன்ன பொய் இல்லை அது. ஒரு தகப்பனின் பெருமைக்காகச் சொன்ன பொய். அதைச் சொன்னபிறகு எப்படிப் போய்ப் பதிவது?

"இப்ப நீங்கள் எழுதிக்குடுத்தால் அபராதம் வரும். அபராதம் வந்தால் பொய் சொன்னது தெரியவரும். பொய்யனுக்குப் பிரசாவுரிமை குடுப்பினமோ? பதின்மூண்டு வருஷம், அக்கா. பிள்ளை இஞ்ச பிறந்தது. அதுக்கு வேற ஒரு ஊரும் தெரியாது."

வதனி அழுதாள். சத்தமில்லாமல், பிள்ளைக்குக் கேட்காமல். நானும் அப்படி ஒரு குழுவுக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள். அன்று எனக்கு எதிரில் இருந்தவர்களின் சப்பாத்து நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

உடனே தவராசா எழும்பினார். கண்ணில் ஒரு வெளிச்சம். "அக்கா, ஒரு வேலை செய்வம். இண்டைக்கே இந்த ரீவியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரில மச்சான் வீட்டில குடுத்திடுறன். அப்ப வீட்டில ரீவி இல்லை. நான் சொன்னது உண்மையாப் போயிடும்!"

"எந்த வழியால தூக்குவியள்? படியாலயோ? கீழ் வீட்டில ஆர் இருக்கினம்?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். கீழ் வீட்டில் இருந்தது காட்ரினா. தபாற்கந்தோரில் வேலை செய்கிற பெண்மணி. விசாரணைக் குழுவில் அவரும் ஒருவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கண்டதை எழுதிக்கொடுப்பது என் வேலை. எழுதினால் ஒரு குடும்பத்தின் பதின்மூன்று வருடத்தை நான்தான் தட்டிவிட்டதாகிவிடும். "தொலைக்காட்சி இல்லை" என்று எழுதினால் என் வேலை போகலாம். போனாலும் போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். எங்கட ஆட்கள், பாவம், போகட்டும். பிறகு திரையைப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்த ஆரணியைப் பார்த்தேன். நான் மூடிமறைத்தால் இனி ஒவ்வொரு நாளும் கதை நேரத்தில் அந்தப் பிள்ளை முருகனை எடுத்து, கதை முடிய முருகனை வைத்து, வெளியில் ஒருவருக்கும் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். ஏழு வயதில் அதைப் பழக்கவா?

"தம்பி," என்றேன். "நான் இண்டைக்கு எழுதேல்லை. வெள்ளிக்கிழமை எழுதுவன். வியாழக்கிழமை அந்த ஆக்கள் கேள்வி கேக்க முதல், நீங்களே எழும்பிச் சொல்லோணும். பொய் சொன்னனான், வீட்டில ரீவி இருக்கு, பதியப் போறன் எண்டு."

"விசர் பிடிச்சிட்டோ அக்கா உங்களுக்கு?"

"இருக்கலாம். ஆனால் நான் எழுதினால் நீங்கள் பிடிபட்ட ஆள். நீங்கள் சொன்னால், சொன்ன ஆள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சரிவருமோ எண்டு எனக்கும் தெரியாது."

அவர் என்னை முறைத்தார். வதனி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து என் கையில் தந்தாள். குடித்தேன். கேள்வி முடிந்துவிட்டதுதானே.

நிலையத்தில் ரயில் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டேன். என்னைவிட வயது குறைந்தவர், விதிகளில் கறாரானவர். எதையும் மறைக்காமல் சொன்னேன். மறைத்துவிட்டு ஒரு கிழமை நித்திரை கொள்ள எனக்கு வராது.

"அந்தக் கடவுள்," என்றார், "எவ்வளவு பெரிய கடவுள்?"

"தொலைக்காட்சி அளவு."

அவர் சிரித்த சத்தம் அப்போது வந்துசேர்ந்த ரயிலின் சத்தத்தையும் மேவிக் கேட்டது. சிரித்து முடிந்ததும் குரல் மாறியது. "வெள்ளிக்கிழமை காலை உங்கள் அறிக்கை என் மேசையில் இருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருந்தாலும் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான்." சரி என்றேன்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. கிராம மண்டபத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் ஒரு ஆப்பிள் கேக் சாப்பிட்டதில்லை. மூன்று பேரும் போனார்கள். தவராசா கல்யாண வீட்டுக் கோட் போட்டிருந்தார். என்னைக் கண்டும் காணாததுபோலப் போனார். சொல்லமாட்டார் என்றே நினைத்தேன்.

உள்ளே நடந்ததை வதனிதான் பிறகு சொன்னாள், கையைக் காலை ஆட்டி, எல்லாருடைய குரலிலும். குழுத் தலைவர் வணக்கம் சொல்லிக் கடதாசியைப் புரட்டியிருக்கிறார். தவராசா இருக்கவேயில்லை. நின்றபடியே தனக்குத் தெரிந்த டொச்சில் சொல்லியிருக்கிறார்: "மன்னிக்க வேண்டும். போனமுறை நான் பொய் சொன்னேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது. பெரியது."

அந்தப் "பெரியது" தேவையே இல்லை. மனிதருக்கு நேர்மை வந்தால் அளவில்லாமல் வரும்.

பிறகு காட்ரினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார்.

"தெரியும்," என்றாராம். "ஒவ்வொரு இரவும் உங்கள் வீட்டில் பெண்கள் கதறி அழுகிற சத்தம் கேட்கிறது. வந்த புதிதில் குடும்பச் சண்டை என்று பயந்து பொலிசைக் கூப்பிடத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் அழுகை நின்று சவர்க்கார விளம்பரப் பாட்டு வந்தது. அதோடு நிம்மதியானேன்."

எங்கட நாடகங்கள் அந்த மலையில் இப்படி ஒரு வேலை பார்க்கும் என்று யார் கண்டது?

"போனமுறை நீங்கள் இல்லை என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது," என்று காட்ரினா தொடர்ந்திருக்கிறார். "இன்று நான் உங்களுக்கு எதிராகத்தான் கையை உயர்த்த வந்தேன். என் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே இல்லை என்கிறவரோடு நான் எப்படி ஒரே ஊர்க்காரியாக இருப்பது?" கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாராம். "இப்போது சொல்லிவிட்டீர்கள். சரி."

குழுத் தலைவர் ஆரணியிடம் திரும்பி, நீ என்ன பார்ப்பாய் என்று ரோமான்ஷில் கேட்டிருக்கிறார். அவள் முதல்நாள் மாலைக் கதையை, நரி ஒன்று பால்கட்டி தேடிப் போகிற கதை, தொடக்கத்தில் இருந்து அந்தக் கதைசொல்லியின் குரலிலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். ஏரிகளின் பெயரெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன தவராசாவிடம் ஒரு ஏரியைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குறை அவருக்கு இன்றைக்கும் இருக்கிறது.

வெளியே வந்தவர் நேரே தெருவைக் கடந்து சாப்பாட்டுக்கடைக்கு வந்தார். கோட்டின் முதுகு நனைந்திருந்தது. என் மேசைக்கு முன்னால் நின்று, "எங்க அக்கா கையெழுத்து வைக்கோணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரிமாறுகிற பெண் கேக் சரியில்லையோ என்று பதறிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை என் அறிக்கை தலைவியின் மேசையில் இருந்தது. "வீட்டுக்காரர் தாமாகப் பதிந்தார்" என்று எழுதியிருந்தேன். தலைவி வாசித்துவிட்டு, கடவுளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று மட்டும் கேட்டார். நான் அன்று கெட்டிக்காரத்தனமாக எதையும் செய்யவில்லை, பிள்ளைகளே. காட்ரினாவுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இரக்கப்பட்டு மூடிமறைத்திருந்தால் அவர் எதிராக உயர்த்துகிற அந்தக் கையால்தான் அவர்கள் தோற்றிருப்பார்கள். உங்களுக்கும் ஒருநாள் தொலைபேசியில் ஒருவர் அழுவார், அக்கா எப்படியாவது பார்த்துச் செய்யுங்கோ என்பார். இரக்கப்படுங்கள். ஆனால் அவர் சொல்ல வேண்டியதை அவருக்குப் பதிலாக நீங்கள் விழுங்கிவிடாதீர்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சட்டம் மாறியது. தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டும் என்று வந்தது. வீடு வீடாகப் போகிற வேலை முடிந்து நானும் தொலைபேசிக்கு வந்தேன். அதற்கு முன்னால், 2018 மார்ச்சில், கட்டணத்தையே ஒழிப்பதா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்ததே, அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அந்த மாதங்களில் எங்கே போனாலும் இதே கதைதான். ரயிலில், பல்வைத்தியரிடம், கோயிலில் சோற்றுக்கு நிற்கிற வரிசையில். ஒழிந்தால் எங்கள் வேலையும் ஒழியும் என்று அலுவலகத்தில் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம்.

வாக்கெடுப்புக்கு முதல் கிழமை, பிரசாவுரிமை கிடைத்து வாக்குப் போடுகிறவராகிவிட்ட தவராசா கூப்பிட்டார்.

"அக்கா, நான் ஒழிக்கச் சொல்லித்தான் போடப்போறன். சும்மா சொல்லக்கூடாது, பில்லைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது. உங்களுக்கு முதலே சொல்லிப்போடுவம் எண்டு எடுத்தனான். உங்களுக்குத் தெரியாமல் செய்யிறது சரியில்லை."

"உங்கட வாக்கு, தம்பி. எனக்கேன் சொல்லுறியள்?"

"பழகிப்போச்சு, அக்கா."

வாக்கெடுப்பு முடிந்தது. கட்டணம் தப்பியது, நாங்களும் தப்பினோம். அன்று பின்னேரம் அவர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, நான் ஒழிக்கச் சொல்லிப் போடேல்லை."

"ஏன்?"

"எழுதப்போகேக்க ஆரணி பக்கத்தில இருந்தவள். அப்பா, இந்த ரோமான்ஷ் கதைக்கிற சனம் எவ்வளவு கொஞ்சம், அவையின்ர காசு மட்டும் எண்டால் அந்தக் கதைக்கு ஒரு கமராவும் வாங்கேலாது, டொச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்துதான் குடுக்கினம் எண்டாள். தங்களுக்கு விளங்காத பாஷைக்கு, அக்கா. தங்கட பொக்கற்றால எடுத்து. நாங்கள் எங்கட பாஷைக்காக என்ன பாடு பட்டு, எதை எதையெல்லாம் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச ஒரு பிடி சனத்தின்ர பாஷையைக் காப்பாத்த ஊரே காசு கட்டுது. அதை ஒழி எண்டு என்ர கையால எழுத ஏலாமப் போச்சு."

"நாங்கள் பார்க்கிறேல்லை, நாங்கள் ஏன் குடுக்கோணும்" என்ற கேள்விக்கு வருடக்கணக்காக நான் வாசல் வாசலாகத் தேடித் திரிந்த பதிலை, மிளகாய் காயப்போட்ட மனிதர் சொல்லிவிட்டார்.

"ஆனால் பில் கூடுதல்தான், அக்கா," என்றார் உடனே. "அதையும் எழுதி வையுங்கோ."

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். யாரும் முன்கூட்டித் தொலைபேசி எடுத்திருக்கவில்லை. தொலைக்காட்சி திறந்தபடி நின்றது. முருகன் அதற்கு மேலே சுவரில் தனக்கென்று ஒரு தட்டில் இருந்தார். சோபாவில் காட்ரினா. அவர் வீட்டில் வானொலி மட்டும்தானாம், அவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொலைக்காட்சி இருந்ததே இல்லையாம். அதனால் பின்னேரங்களில் மேலே ஏறி வந்து ரோமான்ஷ் செய்தி பார்த்துவிட்டு, அது முடிய எங்கட நாடகத்தில் யார் ஏன் அழுகிறார்கள் என்று வதனியைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். இத்தனை வருடம் சத்தத்தை மட்டும் கேட்டவருக்கு இப்போதுதான் முகங்கள் தெரிய வருகின்றன.

நான் சப்பாத்தைக் கழற்றமுன் வதனி கோப்பையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இப்ப கேள்வி ஒண்டும் இல்லைத்தானே, அக்கா," என்றாள். "சூடா இருக்கேக்கயே குடியுங்கோ."